லென்ஸ் ஃபில்டர் வாங்கப் போகிறீர்களா? காசிமேட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு கூடை சங்கரா மீனைப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குச் செக்கச்செவேல் என்று தெரிகிற மீன் படத்தில் பாதி வெளுத்துப்போய் வந்திருக்கும். மீன் ஈரமாக இருக்கிறது. அந்த ஈரத்தின் மேல் வானம் பிரதிபலிக்கிறது. கேமரா பதிந்துகொண்டது அந்த வானத்தை. வீட்டுக்கு வந்து கணினியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அந்த வெள்ளைக்கு அடியில் சிவப்பைக் கண்டுபிடிக்க முடியாது. கேமராவுக்குள் வராத நிறத்தை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்?

லென்ஸுக்கு முன்னால் போலரைசர் என்கிற சுழலும் ஃபில்டரை மாட்டிக் கால் சுற்று திருப்புங்கள். வெள்ளை விலகி, அடியில் இருந்த சிவப்பு மேலே வரும். ஃபில்டருக்குக் காசு செலவழிக்க எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் இதுதான். பிறகு செய்யவே முடியாத ஒரு வேலையை, படம் எடுக்கும் அந்த நொடியில் அது செய்து கொடுக்க வேண்டும்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கேமராவோடு கடலோரம் போவது பழக்கம். பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு அங்கே வரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது, "அண்ணா, எந்த ஃபில்டர் வாங்கலாம்?" பல பேரின் பையில் ஏற்கெனவே ஒரு 'செட்' இருக்கும். யுவி ஒன்று, ஆரஞ்சு ஒன்று, விளக்கை நட்சத்திரமாகக் காட்டுவது ஒன்று, எதற்கென்றே தெரியாத கறுப்புக் கண்ணாடி ஒன்று. அந்தப் பணத்தை அவர்கள் எத்தனை நாள் சேர்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாங்கும் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் போலரைசர். அப்புறம் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி64. கடலோரம் அடிக்கடி போகிறவர் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தெளிந்த பாதுகாப்புக் கண்ணாடி. மற்றவை எல்லாம் காத்திருக்கலாம்.

லென்ஸின் விட்டம் எவ்வளவு?

லென்ஸின் முன்விளிம்பில் உள்ளே மரை இருக்கும். ஃபில்டரை அதில்தான் திருகி மாட்டுகிறோம். அந்த மரையின் விட்டம் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். லென்ஸின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ, குறுக்குக் கோடு போட்ட ஒரு வட்டக் குறிக்குப் பக்கத்தில் 52, 58, 67 என்று ஓர் எண் எழுதியிருக்கும். அதுதான் மில்லிமீட்டரில் விட்டம். 18-55 என்று எழுதியிருப்பது குவியத் தூரம். அதைப் பார்த்துவிட்டு 55 எம்எம் ஃபில்டர் கேட்டு வாங்கி, மாட்ட முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். குறி அழிந்து போயிருந்தால் லென்ஸ் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயும் எண் இருக்கும்.

ஒரே பிராண்டுக்குள்ளேயே இது மாறும். கேனானின் 18-55 இஎஃப்-எஸ் கிட் லென்ஸ்களுக்கு 58. நிக்கானின் 18-55இல் பழைய ஏஎஃப்-எஸ் வகைக்கு 52, புதிய ஏஎஃப்-பி வகைக்கு 55. கேனான் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49. நிக்கான் 18-140, கேனான் 18-135 இரண்டுக்கும் 67. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபில்டர் வாங்கினால் கட்டுப்படியாகாது.

இதற்கு வழி இருக்கிறது. உங்களிடம் இருப்பதிலேயே பெரிய லென்ஸுக்கு, அல்லது ஒன்றிரண்டு வருடத்தில் வாங்கப் போகும் லென்ஸுக்கு ஏற்ற அளவில் ஒரே ஒரு நல்ல ஃபில்டர் வாங்குங்கள். சிறிய லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளலாம். அது கண்ணாடி இல்லாத வெறும் உலோக வளையம்; விலை மிகக் குறைவு. 52-67 என்று எழுதியிருந்தால் 52 எம்எம் லென்ஸில் 67 எம்எம் ஃபில்டரை மாட்டலாம் என்று அர்த்தம். ஒரே குறை, லென்ஸின் முனையில் குழல் மாதிரி மாட்டும் லென்ஸ் ஹூட் அதன் மேல் பொருந்தாது. பெரிய லென்ஸில் சிறிய ஃபில்டரை மாட்டும் எதிர்வகை வளையமும் விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். படத்தின் நான்கு மூலையும் கறுத்துவிடும்.

கடையில் நின்றபடியே செய்யும் சோதனை

ரிச்சி தெருவோ, பர்மா பஜாரோ, ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வராதீர்கள். ஹோயா, பி+டபிள்யூ, கென்கோ என்று நல்ல பெயர்கள் உண்டு. நல்ல பெயர்களுக்குப் போலிகளும் உண்டு.

போலரைசரைச் சோதிக்க, கல்லாவில் இருக்கும் கால்குலேட்டரைக் கேட்டு வாங்குங்கள். லென்ஸில் மாட்டினால் வெளியே இருக்கும் பக்கம் கால்குலேட்டரைப் பார்க்கும்படி ஃபில்டரைப் பிடித்து, திரையை அதன் வழியாகப் பார்த்தபடியே சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கன்னங்கரேல் என்று கறுக்க வேண்டும். மேலும் கால் சுற்று திருப்பினால் மறுபடி வெளுக்க வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி. இப்போது ஃபில்டரைப் பின்பக்கமாகப் புரட்டிப் பிடித்துச் சுழற்றுங்கள். இந்த முறை கறுக்கவே கூடாது. அப்படி என்றால் அது சிபிஎல் என்கிற வட்டப் போலரைசர். இரண்டு பக்கமும் கறுத்தால் அது பழைய லீனியர் வகை. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் அதுவும் வேலை செய்யும். ஆனால் டிஎஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸும் ஒளி அளவீடும் பாதி ஒளிபுகும் ஒரு கண்ணாடியை நம்பி இருப்பதால் லீனியர் அவற்றைக் குழப்பிவிடும்.

எல்லா ஃபில்டருக்கும் பொதுவாக இன்னொரு சோதனை உண்டு. மேலே எரியும் டியூப்லைட் ஃபில்டரில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பாருங்கள். பூச்சு இல்லாத கண்ணாடியில் விளக்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்புவதால் இரண்டு பரப்பும் சேர்ந்து 8 சதவீதம் போய்விடும். நல்ல மல்டி-கோட்டிங் இருந்தால் அதே விளக்கு மங்கலாக, பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். என்டி என்றால் வெள்ளைத் தாளின் மேல் வைத்து, நிறம் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வளையம் பித்தளையா அலுமினியமா என்றும் கேளுங்கள். அலுமினியம் லென்ஸ் மரையோடு இறுகிக்கொள்ளும். கடற்காற்றில் பழகும் நமக்குப் பித்தளை கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.

யுவி, பாதுகாப்புக் கண்ணாடி

ஃபிலிம் காலத்தில் யுவி ஃபில்டருக்கு உண்மையான வேலை இருந்தது. ஃபிலிமுக்குப் புற ஊதாக் கதிர் தெரியும். தூரத்துக் காட்சிகளில் நீலப் புகை படிந்த மாதிரி வரும். டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் அடுக்கு ஒன்று இருக்கிறது. ஆகவே இன்று யுவி வாங்குகிறவர் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியைத்தான் வாங்குகிறார். படம் அதனால் அழகாகாது.

அப்படியானால் தேவையா? நம் ஊரில் இடத்தைப் பொறுத்தது. எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகப் போட்டிருக்கும் பாறைகளில் நின்றால் பத்து நிமிடத்தில் லென்ஸ் மேல் உப்புச் சாரல் படியும். ஏலக்கூடத்தில் ஐஸ் தண்ணீர் தெறிக்கும், மீன் செதில் வந்து ஒட்டும். அங்கெல்லாம் மாட்டுங்கள். வீட்டுக்குள், கல்யாண மண்டபத்தில் கழற்றிவிடுங்கள். முக்கியமாக இரவில் வேண்டாம். துறைமுக விளக்குகளை இரவில் எடுக்கும்போது, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பச்சை நிழல் படத்தின் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக மிதக்கும். ஒளி சென்சாரில் பட்டுத் திரும்பி, ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே வருவதால் அது உண்டாகிறது. கழற்றினால் போய்விடும்.

இடிபடாமல் காப்பதற்கு ஃபில்டரைவிட லென்ஸ் ஹூட் நல்லது. ஃபில்டர் உடைந்தால் அதன் சில்லே லென்ஸைக் கீறும்.

போலரைசர்: இங்கே நின்று பழகுங்கள்

ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டே வருகிறது. தண்ணீர், கண்ணாடி, இலை, பெயிண்ட் போன்ற பரப்புகளில் பட்டுச் சாய்வாகத் திரும்பும்போது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர ஆரம்பிக்கிறது. போலரைசர் ஜன்னல் கம்பி மாதிரி. கம்பிக்கு நடுவே ஓர் அட்டையை நெடுக்காகப் பிடித்தால் நுழையும், குறுக்காகப் பிடித்தால் நின்றுவிடும். நீங்கள் ஃபில்டரைச் சுழற்றுவது கம்பியின் திசையை மாற்றுவதற்காகத்தான். பிரதிபலித்த ஒளி தடுக்கப்பட்டதும், பொருளின் சொந்த நிறம் மிஞ்சுகிறது.

உலோகத்தில் இது பலிக்காது. ஏலக்கூடத்தில் அலுமினிய அன்னக்கூடை பளபளத்தால் போலரைசர் அதை அடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் படகின் பெயிண்ட் மேல் உள்ள பளபளப்பு விலகி, நீலமும் பச்சையும் அடர்த்தியாக வரும். மீனிலும் இந்த வித்தியாசம் உண்டு. சங்கராவின் மேல் இருக்கும் ஈரப் பளபளப்பு விலகும். மத்தி மாதிரியான வெள்ளி மீன்களின் மினுக்கம் அவ்வளவாக விலகாது. அது தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களில் அடுக்கடுக்காகத் திரும்பும் ஒளி. இதைத் தெரியாமல் நான் ஒரு காலை முழுக்க மத்திக் கூடைக்கு முன்னால் ஃபில்டரைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

தண்ணீருக்கு ஒரு கோணம் இருக்கிறது. பார்வைக்கோடு நீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் இருக்கும்போது பிரதிபலிப்பு முழுதாகப் போகும். கேமரா 5 அடி உயரத்தில் இருந்தால், சுமார் 6, 7 அடி தள்ளியுள்ள தண்ணீர் அது. நேர் மேலே குனிந்து பார்த்தால் பலன் இல்லை. வெகு தூரத்துத் தண்ணீரிலும் குறைவு. பழவேற்காட்டில் கரையோரம் நின்று எடுத்துப் பாருங்கள். காலடியிலிருந்து சில அடி தூரத்தில் ஏரியின் தரை தெரியும், அதற்கப்பால் மறுபடி வானம் மிதக்கும். கண்ணாடிக்கும் இதே கதைதான். எம்.சி. ரோடு துணிக்கடை ஷோகேஸுக்கு நேர் எதிரே நின்றால் உங்கள் உருவம்தான் தெரியும், எவ்வளவு சுழற்றினாலும் போகாது. பக்கவாட்டில் சாய்ந்து நின்று சுழற்றுங்கள். உள்ளே தொங்கும் புடவையின் நிறம் வரும்.

வானத்துக்கு வருவோம். சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய வானம்தான் போலரைசருக்கு அதிகம் கட்டுப்படும். கட்டை விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, ஆள்காட்டி விரலை அதற்குச் செங்குத்தாக வைத்துக் கையைச் சுழற்றுங்கள். விரல் காட்டும் இடமெல்லாம் அந்த வானம். நம் கடற்கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது, சூரியன் காலையில் கடலிலிருந்து எழுகிறது. ஆகவே காலையில் கடலைப் பார்த்து எடுக்கும் படத்தில் வானம் மாறாது. கரையை ஒட்டி வடக்கே எண்ணூர்ப் பக்கமோ, தெற்கே துறைமுகப் பக்கமோ திரும்பினால் மாறும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நேரத்தில் அடிவானம் நான்கு திசையிலும் 90 டிகிரிதான்.

இன்னொன்று. காற்றில் ஈரமும் தூசும் நிறைந்த நாளில் வானம் சாம்பலாகவே இருக்கும். எந்தப் போலரைசரும் அதை நீலமாக்காது. வடகிழக்குப் பருவமழை ஒரு நாள் கொட்டித் தீர்த்து மறுநாள் காலை வெளுத்திருக்கும் பாருங்கள், அப்போது எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. மாட்டுவதற்கு முன் ஃபில்டரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். கண்ணுக்கு மாற்றம் தெரியவில்லை என்றால் மாட்டிப் பயனில்லை. மாட்டிய பிறகு எப்போதும் இறுக்கும் திசையிலேயே சுழற்றுங்கள். எதிர்த்திசையில் சுழற்றிச் சுழற்றி, என் முதல் போலரைசர் மரையிலிருந்து கழன்று திருவொற்றியூர்ப் பாறைகளுக்கு நடுவே விழுந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. கேமராவைக் கிடைமட்டத்திலிருந்து செங்குத்தாகத் திருப்பினால் ஃபில்டரை மறுபடி சரிசெய்ய வேண்டும். பழைய கிட் லென்ஸ்கள் சிலவற்றில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் முன்பகுதியே சுழலும். அவற்றில் முதலில் ஃபோகஸ், பிறகுதான் ஃபில்டர்.

ஒளி குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. போலரைசர் 1 முதல் 2 ஸ்டாப் வரை தின்றுவிடும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது. ஏலக்கூட நிழலில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்வு அளவை, 400இல் வைத்து எடுத்துக்கொண்டிருந்தால், அதே ஷட்டர் வேகம் வேண்டும் என்றால் 1600 வரை போக வேண்டியிருக்கும். அதனால் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். 18 எம்எம் போன்ற அகலக் கோணத்தில் வானத்தின் ஒரு துண்டு மட்டும் கருநீலமாகி, இரு பக்கமும் வெளிறி நிற்கும். 35 எம்எம் பக்கம் வந்தால் குறையும். வானவில்லை எடுக்கப் போனால் கவனமாகச் சுழற்றுங்கள், போலரைசர் அதையே அழித்துவிடும்.

முழுக்கச் சுழற்றி எல்லாப் பளபளப்பையும் அகற்றுவது ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது. மீன் மேல் துளி மினுக்கமும் இல்லை என்றால் அது காலையில் பிடித்த மீனாகத் தெரியாது, மாலையில் மிஞ்சிய மீனாகத் தெரியும். பாதியில் நிறுத்துங்கள். மனித முகத்துக்கும் இதேதான். நம் தோல் நிறத்துக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் விழும் ஒளிதான் வடிவம் கொடுக்கிறது. பயிற்சி முடித்து நிற்கும் குத்துச்சண்டைத் தம்பியின் வியர்வையைப் போலரைசரால் துடைத்துவிட்டால் அங்கே படமே இல்லை.

ஏலக்கூடத்தில் கேமராவைத் தூக்குவதற்கு முன் மீன் விற்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது அவர்கள் பிழைப்பு நடக்கும் நேரம். மறுவாரம் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களே கூப்பிட்டு மீனைத் தூக்கிக் காட்டுவார்கள்.

என்டி: நேரத்தை நீட்டும் கறுப்புக் கண்ணாடி

என்டி ஃபில்டர் நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும். ஒளி குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். அலை புகையாகும், மேகம் இழுபடும்.

இதில் புதியவர்களைக் குழப்புவது எண்கள். ஒரே ஃபில்டரை ஒரு கம்பெனி என்டி8 என்கிறது, இன்னொன்று 0.9 என்கிறது, மூன்றாவது 3 ஸ்டாப் என்கிறது. மூன்றும் ஒன்றே. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும், நேரம் இரட்டிக்கும். என்டி8 என்றால் நேரத்தை 8ஆல் பெருக்குங்கள். என்டி64 என்றால் 64ஆல். இது 6 ஸ்டாப், 1.8 என்றும் எழுதுவார்கள். என்டி1000 என்றால் ஏறக்குறைய 1000ஆல். 10 ஸ்டாப், 3.0. ஃபில்டர் இல்லாமல் 1/60 நொடி வந்தால், என்டி64 போட்டு சுமார் 1 நொடி, என்டி1000 போட்டு சுமார் 16 நொடி.

பலரும் முதலிலேயே என்டி1000 வாங்குகிறார்கள். அதில் வங்கக்கடல் பால் ஊற்றிய மாதிரி வரும், அழகுதான். ஆனால் அது எந்த ஊர்க் கடல் என்றே தெரியாது. நம் கடலுக்கு அரை நொடி, ஒரு நொடி போதும் என்பது என் கருத்து. அலை பாறையில் ஏறி, வெள்ளைக் கோடுகளாக வழிந்து இறங்குவது அந்த நேரத்தில்தான் தெரியும். அதற்கு என்டி64தான் சரி.

எங்கே எடுப்பது என்பதிலும் ஒரு விஷயம். துறைமுகத்துக்குள் கட்டி நிற்கும் படகுகளை நீண்ட நேரம் திறந்து எடுத்தால் தண்ணீர் வழவழப்பாகும், ஆனால் படகும் ஆடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, கொடிக்கம்பமெல்லாம் இரண்டு இரண்டாக வந்த படங்களோடு திரும்பியிருக்கிறேன். அசையாத ஒன்று படத்தில் வேண்டும். கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளின் பாறைகள் அதற்கு ஏற்றவை. பாசி படிந்த பாறையில் ஏறாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். கரையில் வலை விரித்திருந்தால் சுற்றிப் போங்கள். ட்ரைபாட் கால் ஒரு கண்ணியை அறுத்தாலும் அதைத் தைக்க ஒருவர் உட்கார வேண்டும்.

எடுக்கும் முறை இதுதான்:

1. ட்ரைபாடை மணலில் அழுத்தி ஊன்றுங்கள். மேலே மட்டும் வைத்தால் அலை வந்து போகும்போது கால் இறங்கும். பையை நடுக்கம்பியில் மாட்டினால் காற்றுக்கு அசையாது.
2. ஃபில்டர் இல்லாமலே படத்தை அமையுங்கள், ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி வழியாக ஆட்டோஃபோகஸ் தடுமாறும்.
3. ஐஎஸ்ஓ 100, லென்ஸின் திறப்பு எஃப்/8 அல்லது எஃப்/11 வைத்து ஒரு சோதனைப் படம் எடுங்கள். சரியாக வந்த ஷட்டர் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. கேமராவை மேனுவல் மோடுக்கு மாற்றி, அந்த நேரத்தை 64ஆல் பெருக்கி வையுங்கள். 30 நொடியைத் தாண்டினால், பொத்தானை விடும் வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடு, கூடவே ரிமோட்.
5. லென்ஸிலோ கேமராவிலோ அசைவுக் கட்டுப்பாடு இருந்தால் அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் வெயில் குறியில் வையுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள்.
6. இப்போது ஃபில்டரை மாட்டுங்கள், ஃபோகஸ் வளையம் அசையாமல். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரை ஒரு துணியால் மூடுங்கள். பின்னால் இருந்து உள்ளே வரும் வெளிச்சம் நீண்ட நேரத்தில் படத்தைக் கெடுக்கும்.
7. 2 நொடி டைமரில் எடுங்கள். வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் இடப்பக்கம் ஒட்டியிருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள்.

30 நொடிப் படம் எடுத்த பிறகு கேமரா இன்னொரு 30 நொடி எதுவும் செய்யாமல் நின்றால் பயப்பட வேண்டாம். படத்தில் விழும் புள்ளிகளை நீக்கும் நீண்ட நேர இரைச்சல் குறைப்பு வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ட்ரைபாடில் கேமராவை வைத்து வரிசையாக முப்பது நாற்பது படம் எடுத்து, கணினியில் அவற்றின் சராசரியை எடுத்தால் ஏறக்குறைய என்டி போட்ட மாதிரியே தண்ணீர் வரும். காசு இல்லாத மாதத்தில் இப்படிப் பழகலாம். போலரைசரை முதலிடத்தில் வைத்ததற்கு இதுவும் காரணம்.

வீடியோவுக்கு இந்தக் குறுக்குவழி இல்லை. கானா பாட்டுக்கு வீடியோ எடுக்கிற தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன். நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 பக்கம் இருந்தால்தான் அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/2.8 வைத்தால் ஷட்டர் 1/3200 கேட்கும். ஆடுகிற கை கால் எல்லாம் வெட்டி வெட்டித் தெரியும். 1/3200இலிருந்து 1/50க்கு இறங்க 6 ஸ்டாப். மறுபடி அதே என்டி64. வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் தெருவில் எடுக்கிறவர்கள் வேரியபிள் என்டி வாங்கலாம். அது இரண்டு போலரைசரை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது. அகலக் கோணத்தில் கடைசி வரை திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கறுப்பு விழும். அதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

மற்ற ஃபில்டர்கள்

மேல்பாதி கறுப்பாக, கீழே தெளிவாக இருக்கும் கிராஜுவேட்டட் என்டி சூர்யோதயம் மாதிரியான காட்சிகளுக்கு உதவுவது. வானத்தின் வெளிச்சத்தை அடக்கி மணலைக் காட்டும். நம் கடலில் அடிவானம் நேர்கோடு என்பதால் பொருந்தும்தான். ஆனால் ஒரு படகின் கம்பம் மேலே நீண்டால் அதுவும் சேர்ந்து கறுக்கும். வானத்துக்கு ஒரு படம், மணலுக்கு ஒரு படம் எடுத்துச் சேர்ப்பது எளிது. இப்போதைக்கு வேண்டாம். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுக் கண்ணாடிகள் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அவசியமாக இருந்தவை. ரா கோப்பை வைத்துக் கணினியில் அதே வேலையைச் செய்துவிடலாம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஃபில்டர் மாட்டுவதையும் விடுங்கள், மூலைகள் கறுக்கும். போலரைசர் மாட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

உப்பு, இறுக்கம், பூஞ்சை

கடலோரம் போய்வந்த ஃபில்டரைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பு கண்ணாடித் தூள் மாதிரி கீறும். என் ஒரு லென்ஸின் நடுவில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. முதலில் ரப்பர் புளோயரால் மணலை ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியின் ஒரு முனையைச் சுத்தமான குடிநீரில் நனைத்து, அழுத்தாமல் ஒற்றி உப்பைக் கரையவிடுங்கள். கடைசியில் லென்ஸ் திரவம் இரண்டு சொட்டு துணியில் விட்டு நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். வளையத்தின் மரையையும் ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். அங்கே தங்கும் உப்புதான் அடுத்த வாரம் கழற்ற முடியாமல் செய்கிறது.

ஃபில்டர் இறுகிக்கொண்டால் பலமாகப் பிடித்துத் திருகுவது எல்லோருக்கும் வரும் புத்தி. பலமாகப் பிடித்தால் வளையம் நீள்வட்டமாக நசுங்கி இன்னும் இறுகும். ஃபில்டரின் விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, விரல் நுனிகளை எல்லாப் பக்கமும் சமமாக வைத்து மெல்லத் திருப்புங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஒரு ரப்பர் பாயை மேசையில் விரித்து, லென்ஸைக் கவிழ்த்து ஃபில்டர் விளிம்பு முழுதும் சமமாகப் படும்படி லேசாக அழுத்தி, லென்ஸைத் திருப்புங்கள். பெரும்பாலும் வந்துவிடும். ஃபில்டர் ரென்ச் என்று இரண்டு பிளாஸ்டிக் வளையம் விற்கிறார்கள். பையில் போட்டு வையுங்கள்.

வைத்திருக்கும் இடம் உலர்ந்ததாக இருக்க வேண்டும். நம் பக்கத்து ஈரக் காற்றுக்கு லென்ஸைப் போலவே ஃபில்டரிலும் பூஞ்சை பிடிக்கும், சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக. துணிப் பையில் போட்டு அலமாரியில் வைத்தால் அதுதான் பூஞ்சைக்கு வேண்டிய வீடு. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், கடிகாரம் மாதிரி ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறிவிட்டால் அது ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டி ஒன்றில் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சின்னத் தீயில் பழைய நிறம் திரும்பும் வரை சூடாக்கி, ஆறிய பிறகு டப்பாவுக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை எட்டிப் பாருங்கள்.